குடிக்காதவர் அடித்த சூடம்

எழுபதுகளில், மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பால்மரம் வெட்டுகிறவருக்குக் கைதான் சோறு. பாலுக்காகப் பட்டையைச் சீவும் உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்தில் காயம். காயத்தைப் பார்த்தால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏசுவார். வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட்டும் அப்பா மெலிந்துகொண்டே போனார். மழை நாளிலும் வேர்த்தது. கண்கள் சிவந்து பிதுங்கின.

தோட்டத்து ஆட்களுக்கு இதற்கெல்லாம் ஒரே காரணம்தான் தெரியும். கள்ளுக்கடைப் பக்கம் அப்பா தலைவைத்தும் படுத்ததில்லை. அதனால் ஒளிந்து சம்சுச் சாராயம் குடிக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். துப்பறியும் மூளைக்கு எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பஞ்சமே கிடையாது.

அம்மாவும் நம்பினாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. குடிகாரர்களை முனியாண்டி கோயிலுக்கு அழைத்துப் போய்ச் சூடம் அடித்துச் சத்தியம் வாங்குவது எங்கள் வழக்கம். அப்பாவையும் அழைத்துப் போனாள். அவள் அழுததைப் பார்க்கப் பொறுக்காமல், குடியையே அறியாத மனிதர் இனிக் குடிக்க மாட்டேன் என்று சூடத்தை அடித்து அணைத்தார். நடுக்கம் நிற்கவில்லை. சத்தியத்தை மீறியவர் என்ற பெயரும் சேர்ந்தது. வேலையும் போயிற்று.

ஒருநாள் சந்தையில் மயங்கி விழுந்தவரை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, தைராய்டு என்றார். கழுத்துச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்து உடம்பையே எரித்துக்கொண்டிருந்ததாம். மாத்திரை சாப்பிடச் சாப்பிடக் கை நடுக்கம் நின்றது. மண்டோர் வேலையைத் திருப்பிக் கொடுத்தார். ஆள் திருந்திவிட்டாராம்.

அம்மா வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லக் கிளம்பினாள். அப்பா தடுத்தார்.

“விடு புள்ள. குடிகாரன் திருந்திட்டான்னா நம்புவாங்க. குடிச்சதே இல்லன்னா யாரு நம்புவா?”

அம்மா விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

எண்பதுகளில் அப்பா மாரடைப்பில் போனார். கருமாதிப் படையலில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தபோது, பழைய பக்கத்து வீட்டுக்காரர் ஒரு போத்தல் கள்ளையும் கொண்டுவந்து வைத்தார். பாவம், எத்தனை வருஷம் ஆசையை அடக்கி வைத்திருந்தாரோ என்ற அன்பில்தான். அம்மா போத்தலை எடுத்துப் போய் வாசலில் கொட்டினாள்.

“அவரு ஒரு சொட்டு குடிச்சதில்ல,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆமாக்கா. திருந்துனதுக்கு அப்புறம் தொடவே இல்லையே. நல்ல மனுசன் லா.”