என் நெஞ்சைப் பார்த்துக்கொண்ட அண்ணன்

அண்ணன் மறைந்து ஒரு வருஷம் திரும்பிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் கும்பிடு. எழுத என்னைவிடப் படித்தவர்கள் வீட்டில் உண்டு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். "நீதான் எழுதணும்" என்று மதினி சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்லை என்னால் தட்ட முடியாது, அதிலும் இந்த ஒரு வருஷமாக.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் போய்விடுவாள் என்று எல்லோரும் பயந்தது என்னை நினைத்து. போனது அவர். இதை எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை.

அண்ணன் பிறந்தது கோவில்பட்டியில். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. சித்தப்பாவோடு செகந்திராபாத் வந்து எலக்ட்ரிக் வேலை பழகினார். எனக்குச் சிறு வயதில் மூட்டுவலியும் காய்ச்சலும் வந்து, அது நெஞ்சுக்குள் இறங்கி ஒரு வால்வைச் சுருக்கிவிட்டது. பள்ளிக்கூடம் நின்றது. அம்மாவையும் என்னையும் அண்ணன் தான் குடியிருந்த ஏ.எஸ்.ராவ் நகருக்கு அழைத்து வந்துவிட்டார். பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். எனக்குக் கல்யாணம் செய்து வைத்தது அண்ணனும் மதினியும்தான்.

நான் உண்டானபோது என் வீட்டுக்காரருக்கு விசாகப்பட்டினத்தில் வேலை. ஹப்சிகுடாவில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் காட்டினோம். அந்த டாக்டரம்மா என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இங்கே முடியாதம்மா. இதயத்துக்கும் பிரசவத்துக்கும் ஒரே கூரைக்குக் கீழே ஆள் இருக்கிற இடத்துக்குப் போங்கள். இன்றைக்கே போங்கள்" என்றார்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் போன்றவர்களைப் பார்க்க ஒரு முறை வைத்திருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் பிரசவ டாக்டர், இதய டாக்டர், மயக்க மருந்து டாக்டர், பச்சைப் பிள்ளைகளுக்கான டாக்டர் எல்லோரும் ஒரே அறையில் உட்காருவார்கள். நம்மையும் கூட வந்தவரையும் எதிரே உட்கார வைத்து, நம் முன்னாலேயே வாதாடுவார்கள். வால்வை இப்போதே விரிக்க வேண்டும் என்பார் ஒருவர். வயிற்றுப் பிள்ளை இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்பார் இன்னொருவர். நாலு டாக்டர் என்றால் நாலு வியாதி என்றுதான் எனக்குத் தோன்றியது.

வெளியே வந்ததும் அழுதேன். அண்ணன் சிரித்தார்.

"ஏட்டி, என்னத்துக்கு அழுத? ஹைடெக் சிட்டில நான் வேல பாக்குத கட்டடத்த வந்து பாரு. கொத்தன் ஒரு நாள் வாரான், பிளம்பர் ஒரு நாள் வாரான். நான் போட்ட பைப்ப அவன் ஒடைக்கான், அவன் பூசுன செவத்த நான் கொத்துதேன். இவங்க ஒண்ணா ஒக்காந்து சண்ட போடுதாங்க பாரு, அதான் வீடு தப்பிக்கும்."

"நான் வீடாண்ணே?"

"ஆமா. உள்ள ஆள் குடியிருக்கே!"

தொடை வழியாக ஒரு பலூனை நெஞ்சுக்குள் அனுப்பி வால்வை விரித்தார்கள். பிள்ளைக்கு எக்ஸ்ரே கதிர் படாதபடி வயிற்றைக் கனமான கவசத்தால் மூடினார்கள். அது முடிந்து மூச்சு லேசான பிறகுதான் மதினி வளைகாப்பு வைத்தார்கள். தாய்வீடு என்று சொல்ல எனக்கிருந்தது அண்ணன் வீடு மட்டுமே. தெருப்பெண்கள் எல்லோரும் வந்து முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கினார்கள்.

கொஞ்ச நாளிலேயே மறுபடி மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நர்ஸ் வந்து வளையல்களைக் கழற்றச் சொன்னார். இரண்டு கையிலும் ஊசி ஏற்ற வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும் என்றார். பிள்ளை பிறக்கும் முன் வளைகாப்பு வளையலைக் கழற்றினால் ஆகாது என்றுதானே நம் ஊர்ப் பேச்சு? நான் கையை மடியில் மறைத்துக்கொண்டு ஒரே பிடிவாதம். பிரசவ டாக்டரே வந்து சொல்லியும் கேட்கவில்லை. அண்ணன் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"வளையல் எதுக்குடி போடுதாங்க? பிள்ளைக்குச் சத்தம் கேக்கத்தானே?"

"ஆமா."

"தாய்மாமன் சொமந்தா கேக்காதோ? கழத்தி வைக்கப்பிடாதுன்னுதான் சொல்லிருக்கு, ஆள மாத்தப்பிடாதுன்னு எவன் சொன்னான்?"

மடியிலிருந்து கையை எடுத்து நீட்டினேன். சோப்புத் தண்ணீர் போட்டு ஒவ்வொன்றாக உடையாமல் உருவினார். பையிலிருந்த மின்வயர் துண்டில் கோத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார். அன்று முதல் ஆஸ்பத்திரி வராந்தாவில் கலகலவென்று சத்தம் வந்தால் அண்ணன் வருகிறார் என்று அர்த்தம். படுக்கை தள்ளும் ஊழியர் ஒருவர், "க்யா பாய், சூடியோங்கி துகான் கோலே க்யா?" என்று வளையல் கடை திறந்துவிட்டீர்களா எனக் கேலி செய்வார். "ஹவ் பாய், தும்னா ஹோனா க்யா?" என்று உமக்கும் வேண்டுமா எனத் திருப்பிக் கேட்பார் அண்ணன். வார்டே சிரிக்கும்.

மதினி அப்போது கைப்பிள்ளைக்காரி. இருந்தும் தினமும் பஸ் ஏறி எனக்கு உப்பில்லாத கஞ்சி கொண்டு வருவார்கள். அண்ணன் வேலைக்கு ஒழுங்காகப் போகவில்லை, வீட்டில் ஒழுங்காகத் தூங்கவில்லை. அவருக்குச் சாப்பாடு யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்டதாக ஞாபகம் இல்லை.

நாள் குறித்து, நாலு டாக்டர்களும் ஒரே அறையில் நின்று பிள்ளையை எடுத்தார்கள். மாதம் நிறையவில்லை. கைக்கு அடங்குகிற பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நான் கண் திறந்தபோது அண்ணன் முகம்தான் தெரிந்தது.

"ரெண்டு பேரும் இருக்கிய. இனிமே பயப்பட வேற எதாச்சும் தேடிக்கோ" என்றார்.

நான் தேடிக்கொண்டேன். பிள்ளைக்கு இருமல் என்றால் அண்ணனுக்கு போன். என் மாத்திரை மாறினால் போன். எங்கள் குடும்பத்தில் நெஞ்சு என்றாலே அது என் நெஞ்சுதான். என் மாத்திரைப் பெயர்கள் அண்ணனின் சின்ன மகனுக்குக்கூட மனப்பாடம். அண்ணனுக்குப் பிரஷர் எவ்வளவு என்று எங்கள் யாருக்கும் தெரியாது. யாரும் பார்த்ததே இல்லை.

போன வருஷம் போலாரத்தில் ஒரு பழைய பங்களாவுக்கு வயரிங் மாற்றப் போனார். நெஞ்சு அடைக்கிறது என்றாராம். வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் குடித்தாராம். கூட வேலை செய்தவர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. அத்தனை வருஷம் என்னை இதய டாக்டர் வாசலுக்கு அழைத்துப்போன மனிதர், தனக்கென்று ஒரு நாளும் அந்த வாசலில் உட்காரவில்லை.

அண்ணனைக் கிடத்தியிருந்த கூடத்தில் வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், "நீ எப்படி இருக்கே? மாத்திரை போட்டியா?" என்று. புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த மதினி எழுந்து வந்து என் வாயில் தண்ணீர் வைத்து, "நீ அழாத, ஒனக்கு ஆகாது" என்றார்கள். அந்தத் தண்ணீர் இன்னும் எனக்குள் இறங்கவில்லை.

அண்ணனை ஆட்டோவில் ஏந்திச் சென்ற தொழிலாளத் தோழர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த ஏ.எஸ்.ராவ் நகர்த் தெருவாருக்கும், ஊரிலிருந்து வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும், என்னையும் என் மகளையும் காத்த டாக்டர்களுக்கும் நர்ஸ்மார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மதினிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. போன மாதம் அவர்களை வற்புறுத்தி அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நர்ஸ் என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் பிரஷர் பட்டையை என் கையில் சுற்ற வந்தார். "எனக்கில்லை, இவர்களுக்கு. இன்றைக்கு நான் துணைக்கு வந்தவள்" என்றேன். மதினி கையை நீட்டினார்கள். பட்டை இறுகும்போது, இந்த ஒரு வருஷத்தில் முதல்முறையாக என் முன்னால் தேம்பி அழுதார்கள்.

நான் அழாதீங்க என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.