சிதம்பரம் ரொம்ப தூரம், சார்!

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று கடலூரில் சிலர் இன்னும் நம்புகிறார்கள். என் மனைவி நம்புவதில்லை — அது வேறு விஷயம்.

போன மாதம் எங்கள் தெரு பஸ் கண்டக்டர் ராஜமாணிக்கமும் அவர் மனைவி தனமும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. அவர் தெருவின் இந்தக் கோடி. தனமும் இரண்டு பெண் குழந்தைகளும் அந்தக் கோடி. ஏன் பிரிந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இருவரும் சொல்லிவிடுவார்கள்!

தனம் டீச்சர். சிதம்பரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. குழந்தைகளையும் அழைத்துப் போகவேண்டும். ராஜமாணிக்கம் முடியாது என்கிறார். நேருக்கு நேர் பேச மாட்டார்களாம். நடுவில் என் தலை. தனம்தான் ஆரம்பித்தாள்.

"புள்ளைங்கள உட்டுட்டு நான் எப்படிப் போவேன்னு கேளுங்க சார்."

"கடலூர் எங்க இருக்கு, சிதம்பரம் எங்க இருக்கு? எம் புள்ளைங்க மொகத்த நான் பாக்க வேணாமான்னு அவுங்கள கேளுங்க சார்!"

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. தகப்பன் பாசம் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன். முடிக்கும்வரை தனம் பொறுமையாக இருந்தாள். டீச்சர் அல்லவா?

"அவுங்க பஸ்ஸு எந்த லைன்ல ஓடுதுன்னு கேளுங்க சார்."

ராஜமாணிக்கம் காபி டம்ளரையே பார்த்தார்.

"கடலூர்... சிதம்பரம்."

"ஒரு நாளைக்கு எத்தன நடைன்னும் கேளுங்க."

"மூணு."

சமையலறையிலிருந்து ஒரு சிரிப்பு. என் மனைவிதான். நானும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பாக்கலாம் சார். மூணு நடையும் பாக்கலாம். மூணு நடையும் அதுங்கள உட்டுட்டு வரணுமே..."

சிரித்ததற்கு வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. தனம் அன்றைக்கு முதன்முறையாக அவரைப் பார்த்தே பேசினாள்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே வீடு பாத்துக்கறேன். பள்ளிக்கூடத்துக்கு நான் நடந்தே போய்க்கறேன்."

அவ்வளவுதான், பஞ்சாயத்து முடிந்தது. என் தீர்ப்பை யாரும் கேட்கவில்லை!

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிற அப்பாக்கள் நம்மில் எத்தனை பேர்? நான் இல்லை.

முந்தாநாள் சிதம்பரத்திலிருந்து ராஜமாணிக்கத்தின் பஸ்ஸில் திரும்பினேன். கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், உள்ளே ஒரே கூச்சல். ராஜமாணிக்கம் கீழே நின்று பெரியவளுக்கு ரிப்பன் கட்டுகிறார். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டுகிறார். பிறகு சின்னவளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கண்டக்டர் குரல் கொடுக்காமல் வண்டி நகராது. அவரோ அவளை இறக்கிவிடுவதாயில்லை.

சின்னவளுக்கு ஐந்து வயது. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். இடுப்பிலிருந்து சறுக்கி இறங்கினாள். இரண்டு கையாலும் அவரைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டு, பஸ் ஸ்டாண்டே கேட்கக் கத்தினாள் —

"போலாம்... ரைட்!"