மங்காஃபில் ஒரு லைன்பேக்கர்

குவைத்தின் மங்காஃப் என்றதும் எனக்கு முதலில் வருவது கார்ப்பெட்டின் வாசனைதான். வருஷக்கணக்காக வறுத்த மீனின் எண்ணெய்ப் புகையும், ஜன்னல் இடுக்கு வழியே வந்து படிந்த மணல்தூசியும், ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீரின் ஈரமும் கலந்த அந்த வாசனை, கன்னம் தரையில் அழுந்த, முதுகின்மேல் என் அண்ணன் சேவியரின் பாதி எடையாவது கிடக்க, மூச்சுவிட இடமில்லாமல் நான் கிடந்த நேரங்களில் மூக்கில் ஏறியது. இத்தனை வருஷம் கழித்தும் இறங்கவில்லை.

அப்பா குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். குவைத்தில் எண்ணெய்க் குழாய்களைப் பராமரிக்கும் கம்பெனியில் டெக்னீஷியன். அம்மா பக்கத்து ஊரான ஃபாஹீலில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். பள்ளிக்கூடம் மூடியிருக்கும் கோடை மாதங்களில் இருவரும் "டூட்டி"க்குப் போகும்போது, வீட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகள் அப்படித்தான் பூட்டிக் கிடந்தன. உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். யார் தட்டினாலும் சத்தம் காட்டக் கூடாது, பால்கனிக்குப் போகக் கூடாது, அடுப்பைத் தொடக் கூடாது என்பவை அம்மாவின் சட்டங்கள். பால்கனிக் கண்ணாடியைத் தொட்டால் கை சுடும். கீழே காலி மனையில் நாய்கூட நடக்காது. நாள் முழுக்க ஏசியின் முனகலைக் கேட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்து, நாங்கள் இருவரும் அங்கே வளர்ந்தோம். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன் என்பதால் அந்த வீடு அவனுக்கு என்னைவிடச் சீக்கிரமே சின்னதாகிவிட்டது. பதினாறு வயதில் சமையலறை வாசலில் தோளைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நுழைவான்.

பள்ளி பஸ் போகும் வழியில், கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு திடல் இருந்தது. அதில் சாயங்காலங்களில் தலைக்கவசமும் தோள்கட்டும் மாட்டிக்கொண்டு சிலர் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுவதை அவன் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறான். ஒருநாள் இறங்கி நடந்து போய் நின்றான். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த பதர் என்ற குவைத்திதான் அங்கே பயிற்சியாளர். அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, அவன் பேரைக்கூடக் கேட்காமல், "யல்லா, வா" என்று ஒரு ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டாராம். அமெரிக்கக் கால்பந்து என்ற ஒரு விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

அவனுக்குக் கொடுத்த இடத்தின் பேர் லைன்பேக்கர். எனக்கு அவன் சொல்லிக்கொடுத்தபடி சொல்கிறேன்: முன்னால் மலை மலையாக ஆட்கள் வரிசைகட்டி நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால், காலை அகட்டிக் கொஞ்சம் குனிந்து நிற்பவன்தான் லைன்பேக்கர். பந்து யார் கையில் போகிறது, எந்தச் சந்து வழியாக வரப்போகிறான் என்று மற்றவனின் இடுப்பைப் பார்த்தே கண்டுபிடித்து, அவனுக்கு முன்னால் அந்தச் சந்தில் போய் நின்று, அவனைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்க்க வேண்டும். இதற்குப் பயிற்சி எடுக்க எங்கள் வீட்டில் கிடைத்த ஒரே ஆள் அவன் தங்கை நான். தலையணையை அணைத்துக்கொண்டு, சமையலறை வாசலிலிருந்து கிளம்பி, நடையைத் தாண்டி, பெரிய அறையின் சோஃபாவைத் தொட்டுவிட்டால் எனக்கு வெற்றி. தொட்டதே இல்லை. விழும்போது என் தலை தரையில் படாதபடி அவனுடைய உள்ளங்கை எப்போதும் முன்னால் வந்து கீழே விரிந்திருக்கும். அது ஒன்றுதான் எனக்குத் தந்த சலுகை.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது அவன் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது. டியூஷனுக்கு என்று போனவன் திடலில் இருப்பதை யாரோ சொல்லிவிட்டார்கள். அப்பா அடிக்கவில்லை. அவனை உட்காரவைத்து, இந்த நாட்டில் நாமெல்லாம் அவருடைய வேலையின் பேரில் இருக்கிறோம், வேலை போனால் எல்லாரும் போக வேண்டியதுதான், இன்ஜினியர் ஆகிவிட்டால் அவனாவது விசாவைக் கையில் வைத்திருக்கும் எந்தக் "கஃபீல்" முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னார். அம்மா அவர் பக்கம்தான். கிளினிக்கில் கழுத்து உடைந்து வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து வார விடுமுறை நாட்களிலும் அவனுக்குப் பூட்டு. அவசரத்துக்கு என்று செருப்பு அலமாரியில் கிடந்த மாற்றுச் சாவியையும் அப்பா எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம்தான் பதரின் பழைய சிநேகிதர் ஒருவர், அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியின் துணைப் பயிற்சியாளர், குவைத்தில் ராணுவ முகாமில் இருந்த தன் தம்பியைப் பார்க்க வந்திருந்தார். ஊருக்குத் திரும்பும் நாளன்று காலையில் திடலுக்கு வந்து பையன்களைப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். பதர் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினார். அப்பா சைட்டில், அம்மா டூட்டியில், நாங்கள் உள்ளே.

அண்ணன் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. சாதாரணப் பலகைக் கதவு. தோளால் ஒரு இடி இடித்தால் தாழ்ப்பாளோடு பெயர்ந்து போயிருக்கும். அவன் அதன்மேல் உள்ளங்கையை வைத்தான், எடுத்தான். கதவு உடைந்தால் கட்டடக் காவல்காரரான "ஹாரிஸ்" வீட்டுக்காரனிடம் சொல்வான், வீட்டுக்காரன் அப்பாவைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசுவான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பிறகு தரையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தான். கெஞ்சவில்லை. வந்திருப்பவர் யார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்பதை மட்டும் சொன்னான். கேட்டுவிட்டு அம்மா போனை வைத்துவிட்டாள். அவன் ஜெர்சியைக் கழற்றவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

பூட்டு திறக்கும் சத்தம் கேட்டபோது அப்பா என்றே நினைத்தோம். அம்மா நின்றாள், வெள்ளை யூனிஃபாரத்தில், நெற்றியெல்லாம் வேர்வையோடு. கீழே டாக்ஸி நிற்பதாகச் சொன்னாள். அண்ணன் எழுந்து நின்றான்; போகத் தோன்றாமல் அவளையே பார்த்தான்.

"ஒனக்கு இந்தக் கதவ ஒடைக்கத் தெரியாமலா மக்களே," என்றாள் அம்மா. "ஒடைக்காம கேட்ட பாரு. அதுக்குத்தான் வந்தேன். போ. அப்பாட்ட நான் பேசிக்கிடுறேன்."

வேலையின் நடுவில் கிளம்பி வந்ததற்கு அவளுக்குக் கிளினிக்கில் "மெமோ" கொடுத்தார்கள். அப்பா அவளோடு அந்தக் கோடை முழுவதும் பேசவில்லை. ஒரே அறையில், ஒரே ஏசிக்குக் கீழே, பேசாத இரண்டு பேருக்கு நடுவில் படுத்துக்கொண்டு நான் பள்ளி திறக்கும் நாளை எண்ணினேன். கல்லூரியிலிருந்து உதவித்தொகையோடு அழைப்பு வந்தது. விமான நிலையத்தில் அப்பா அண்ணனுடைய பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அவ்வளவுதான்.

அண்ணன் போய்ச் சேர்ந்த இடம் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். முதல் வருஷம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வருஷம் அவ்வப்போது இறக்கினார்கள். மூன்றாம் வருஷம் அவன்தான் நடு லைன்பேக்கர். கடைசி வருஷம் அணித்தலைவன். அங்கே சனிக்கிழமை மதியம், எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்ப்போம். அங்கே அவனுக்குக் குடும்பப் பேராகிவிட்ட, மரியதாசன் என்ற அப்பாவின் பேரைச் சொல்ல வர்ணனையாளர்கள் திணறி, கடைசியில் "மரியா" என்று சுருக்கிவிட்டார்கள். அந்தப் பெரிய உடம்பை ஆயிரம் பேர் "மரியா, மரியா" என்று கூப்பிட, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எங்களில் ஆட்டத்தின் விதிகளை முதலில் கற்றுக்கொண்டவர் அப்பாதான். அண்ணன் ஒருவனைச் சாய்க்கும்போது, முடிந்தது என்பதற்கு அரபியில் "கலாஸ்" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு மீன்முள்ளை எடுப்பார்.

நாலு வருஷமும் அவன் வீட்டுக்கு வரவில்லை. வெளியே போனால் திரும்ப விசா கிடைக்குமோ என்ற பயம். நாங்கள் பார்த்த திரையில் இருந்தது திறந்த புல்வெளியும் பெரிய வானமும். அவனுக்கு அது எங்கள் வீட்டு நடையைவிட இறுக்கமாக இருந்தது என்பதைப் பிற்பாடுதான் சொன்னான். ஆடினால்தான் உதவித்தொகை, உதவித்தொகை இருந்தால்தான் படிப்பு, படிப்பு இருந்தால்தான் விசா. தலையில் அடிபட்டால் ஓரத்தில் டாக்டர் விரலைக் காட்டிக் கேள்வி கேட்பாராம்: இது எந்த ஊர், எதிரணி எது, இப்போது எத்தனையாவது கால்பகுதி. உட்காரவைத்துவிடுவார்களோ என்று பயந்து, ஆட்டத்துக்கு முன்பே பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போவானாம். இரண்டு மூன்று முறை அந்த மனப்பாடத்தால்தான் திரும்ப மைதானத்தில் இறங்கியிருக்கிறான்.

படிப்பு முடிந்ததும் அமெரிக்காவின் பெரிய லீகில் ஓர் அணி அவனைக் கோடைக்காலப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டது. ஆகஸ்டில் முன்னோட்ட ஆட்டங்களில் அவர்களுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினான். ஆட்களைக் குறைத்த கடைசி நாளில் ஒருவர் வந்து தோளைத் தட்டி, பட்டியலில் பேர் இல்லை என்றாராம், அவ்வளவுதான். அதன்பின் கனடாவில் ஒரு தொழில்முறை அணியில் இரண்டு சீசன் நன்றாகவே ஆடினான். மூன்றாவதில் ஒரு மோதல். திரையில் நானே பார்த்தேன். எழுந்தான், ஹெல்மெட்டைச் சரிசெய்தான், நடந்தான். எதிரணி ஆட்கள் நிற்கும் பக்கமாக நடந்துபோய் அவர்களோடு வரிசையில் நின்றான். வர்ணனையாளர்கள் சிரித்தார்கள். எங்கள் மேசையில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா எழுந்து லேப்டாப்பை மூடினாள்.

அதோடு முடிந்தது. குவைத்தில் அவனுடைய குடியிருப்பு உரிமை எப்போதோ போய்விட்டிருந்ததால், சொந்த வீட்டுக்கே விசிட் விசாவில் வந்தான். அந்தக் கோடை முழுக்க, வெளிச்சம் பட்டால் தலை பிளக்கிறது என்று, ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிய அறையில் கிடந்தான். பூட்டுப் போட யாரும் இல்லை. அவனுக்குத்தான் வெளியே வர முடியவில்லை. அப்போது நர்சிங் கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருந்த நான் கதவைத் திறந்து கஞ்சி வைத்துவிட்டு மூடுவேன். விசிட் விசா முடியும் தறுவாயில், அப்பாவின் பழைய சிநேகிதரான காயல்பட்டினத்து சாகுல் மாமா எமிரேட்ஸில் அல் ஐனில் இருக்கும் தன் விளையாட்டுச் சாமான் கடைக்கு அவனை எடுத்துக்கொண்டார்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறான். நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். "ஆஃப்" கிடைக்கும் நாட்களில் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பேன். அப்பாவும் அம்மாவும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மங்காஃபில் நாங்கள் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள் என்றும், திடல் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன என்றும் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். இடிந்ததைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் வெளியே போவதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் போயிருந்தபோது, மதியத்துக்குக் கடையைச் சாத்திவிட்டு, பின்னாலிருக்கும் அவன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கல்லூரியின் கடைசி வருஷ ஆட்டம் ஒன்றைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். அவன் கையைத் தட்டில் வைத்தபடியே என்னைப் பார்த்தான். ஞாபகம் இல்லை என்றான். அந்த ஆட்டம் மட்டும் இல்லை, அந்த வருஷமே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறதாம், சாகுல் மாமாவிடம் சொல்லவில்லையாம்.

சொல்லு என்றான். சொன்னேன். மழை பெய்துகொண்டிருந்தது, எதிரணிக்கு ஜெயிக்க ஒரு கெஜம்தான் பாக்கி, பந்தை வாங்கியவன் இடப்பக்கம் ஓடுவதுபோல் காட்டி வலப்பக்கம் திரும்பினான், அவன் திரும்புவதற்கு முன்பே நீ அந்தச் சந்தில் நின்றாய், எல்லாரும் உன்மேல் விழுந்து குவிந்தார்கள், அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பதுபோல, தலையைச் சாய்த்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டான்.

"அப்ப நான் நல்லா ஆடுனேனா, ஜெனி?"

"நல்லா ஆடுனே அண்ணா."

"சரி," என்றான். கையைக் கழுவிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டி, கடையைத் திறக்கப் போனான்.