நாலு பந்து, ஒரு ஸ்டூல்

மாண்ட்ரியல் புறநகரான ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பச்சைப் பெயின்ட் உரிந்த மர ஸ்டூல் ஒன்று கிடக்கிறது. ஒரு கால் கொஞ்சம் கட்டை, உட்கார்ந்தால் ஆடும். மகன் வரும்போதெல்லாம் அதைத் தூக்கிப் போடச் சொல்கிறான். போடமாட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு கோடைகாலங்களை நான் அதன்மேல் உட்கார்ந்து கழித்தேன். என்னை அதில் உட்காரவைத்தவர் என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன். அவர்மேல் எனக்கிருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

மூத்தார் பாலங்கள் கட்டும் எஞ்சினியர். மாண்ட்ரியலுக்கு முதலில் வந்தவர் அவர். பிறகு தம்பியை வரவழைத்தார். அவர் மனைவி பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னையிலேயே இருந்தார். நான் கல்யாணமாகி வந்து இறங்கியபோது அண்ணனும் தம்பியும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். ஊருக்குப் புதிதாக ஒரு பேஸ்பால் அணி கிடைத்திருந்த நேரம் அது. கல்லூரி நாட்களில் கிரிக்கெட் பந்து வீசியவரான மூத்தாருக்கு அந்த அணியின் பந்துவீச்சாளர்களைக் கண்டாலே ஆகாது. அந்த ஆட்டத்தில் பந்து வீசுகிறவன் நாலு முறை குறி தவறினால், எதிராளி மட்டையைப் போட்டுவிட்டுச் சும்மா நடந்தே முதல் இடத்துக்குப் போய்விடலாம். எங்கள் ஆட்கள் தானம் கொடுப்பதுபோல நாலு நாலு பந்தாக வெளியே போட்டார்கள். “ஆறு அடி உயரம், அரை மூட்டை சாப்பாடு, ஒரு பந்து நேரா போடத் தெரியல!” என்று ரேடியோவைப் பார்த்துக் கத்துவார். அதுவரைக்கும் அவர் சொன்னதில் தப்பில்லை. அவர்கள் போட்ட லட்சணத்துக்கு நானும் திட்டியிருப்பேன்.

ஒரு ஞாயிறு பிற்பகல் ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நான் காபி கொண்டுபோய் ஹாலில் வைத்தேன். வைத்த நிமிடத்தில் நாலு பந்து வெளியே போனது. அடுத்தவனுக்கும் நாலு. அதற்கடுத்தவன் அடித்த பந்து வேலியைத் தாண்டிவிட்டது. மூத்தார் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். “நீ உள்ள போம்மா” என்றார். மறுவாரமும் அப்படியே நடந்தது. கிரிக்கெட் நடக்கும்போது ‘எழுந்திருக்காதே, விக்கெட் போயிடும்’ என்று ஆளை நாற்காலியோடு கட்டிப்போடுகிற வீடுகளை நான் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். என் விஷயத்தில் அது தலைகீழானது. நான் ஹாலில் கால் வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது. சமையலறைச் சுவரோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, சுவர் வழியாக வந்த ஆட்டத்தை இரண்டு வருடம் கேட்டேன். எந்தப் பந்துவீச்சாளனுக்கு எந்த நேரத்தில் கை தளரும் என்று மூத்தாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து ஊரான டோர்வலிலிருந்து நண்பர்கள் வந்தால், “எங்க வீட்டுல ஒருத்தர் எட்டிப் பார்த்தா போதும், அங்க அவனுக்குக் கை கோணிக்கும்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் கணவரும் சிரிப்பார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

இரண்டாவது கோடையில் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாவது வாரம் கணவர் பெயருக்கு மாமியாரின் நீலநிறக் கடிதம் வந்தது. ஆறுதல் இரண்டு வரி. அதற்குக் கீழே: “அவள் ராசி பந்தாட்டத்திலேயே தெரிகிறதாமே, பெரியவன் எழுதியிருந்தான். ஒரு பரிகாரம் செய்துவிடுவது நல்லது.” கடிதத்தை மடித்து வைத்தேன். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. பந்துக்குச் சொன்ன வார்த்தையை என் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். என்னை அப்படித்தான் என் கணவரும் நினைக்கிறாரா என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு நேரே மைதானத்துக்கு நடந்தேன். வெயிலில் மரப்பலகையில் உட்கார்ந்தேன். எங்கள் ஆள் நாலு பந்து வெளியே போட்டான். பிறகும் நாலு. “நேரா போடுடா, தடிமாடே!” என்று எழுந்து நின்று கத்தினேன். முன்வரிசைக் கிழவர் திரும்பிப் பார்த்து, தன் பங்குக்குப் பிரெஞ்சில் ஏதோ வசை சொல்லிவிட்டு எனக்கு நிலக்கடலை நீட்டினார். “மெர்சி” என்றேன். அன்று எங்கள் அணி படுதோல்வி. நான் மகிழ்ச்சியாகத் திரும்பினேன். வீட்டில் நான் இல்லாமலே அணி தோற்றிருந்தது. ஹாலில் மூத்தார் தன் ராசியான நாற்காலியை விட்டு அசைந்திருக்கவும் மாட்டார். இனி என்ன சொல்வார் பார்க்கலாம் என்று படியேறினேன்.

“கத்தரிக்காய் எங்க?” என்றார் கணவர். “சந்தைக்குப் போகல. மேட்ச் பார்க்கப் போனேன்” என்றேன்.

மூத்தார் நிமிர்ந்தார். “அதானே பார்த்தேன்! நேராவே போய் உக்காந்துட்டியா?”

அந்த முறை என் கணவர் சிரிக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. நான் சமையலறைக்குப் போய் ஸ்டூலைத் தூக்கிவந்து, மூத்தாரின் நாற்காலிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். “இனிமே எல்லா மேட்சும் இங்கதான் கேப்பேன். நாலு பந்து போட்டது அவன். நான் இல்ல. குழந்தை போனதும் என்னால இல்ல” என்றேன். அடுத்த ஆட்டத்துக்கும் அங்கேயே உட்கார்ந்தேன். பந்து வீசுகிறவர்கள் பாட்டுக்கு நாலு நாலாகப் போட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கோடை முடிவதற்குள் நானும் கணவரும் தனி வீடு பார்த்துக்கொண்டோம். வரும்போது ஸ்டூலை மட்டும் கேட்காமல் எடுத்துவந்தேன்.

அந்த அணி இப்போது இந்த ஊரில் இல்லை. மூத்தார் இறப்பதற்கு முந்தைய வருடம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கைத்தடி, தளர்ந்த நடை. ஹாலில் சோபா காலியாகத்தான் இருந்தது. நான் அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, “உக்காருங்க மாமா, காபி கலக்கறேன்” என்று ஸ்டூலைக் காட்டினேன். உட்கார்ந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா இது, இப்படி ஆடுது?”

“எப்பவும் ஆடும் மாமா. ரெண்டு வருஷம் உக்காந்தா பழகிடும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து ஸ்டூலைப் பார்த்தார். நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, காபியை நிதானமாகத்தான் கலந்தேன்.