கவர் கிடையாது என்ற கறிக்கடை

முதலில் ஒரு அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்த மரணச் செய்திக்கு நான் கேக் எமோஜி போட்டுவிட்டேன்.

கண்ணாடி போடவில்லை. போட்டோவில் மாலை தெரிந்தது, பிறந்தநாள் என்று நினைத்துவிட்டேன். அழிப்பதற்குள் என்னை நம்பி இரண்டு பேர் 'வாழ்க பல்லாண்டு' வேறு போட்டுவிட்டார்கள்.

கறிக்கடை ஏழுமலை அண்ணன் போய்விட்டார். நேற்று சாயங்காலம், நெஞ்சுவலி.

செஞ்சிக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்... மார்க்கெட் சந்தில், தொங்கும் ஆட்டுத்தலைக்கு மேலே 'கவர் கிடையாது' என்று எழுதிவைத்திருந்த கடை. தூரத்திலிருந்து பார்த்தால் ஆடே சொல்வது மாதிரி இருக்கும்.

அவரும் முன்பெல்லாம் ஊரைப் போலக் கறுப்புக் கவரில்தான் போட்டுக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வரிசையில் நிற்கும்போது, குடலுக்காக ஆட்டின் இரைப்பையைக் கிழித்தார். உள்ளே பந்து மாதிரி ஏதோ சுருண்டிருந்தது.

கழுவிப் பிரித்தார். கறுப்புக் கவர். இரண்டு காதையும் முறுக்கி அவர் போடும் அதே முடிச்சு, அவிழாமல் அப்படியே இருந்தது.

"என் கவருய்யா இது... நான் குடுத்தது எனக்கே திரும்பி வந்துகிது."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு அம்மா மட்டும், "அத்த எடுத்துப் போட்டுட்டு குடலக் குடுண்ணா, நேரமாவுது" என்றார்.

மறுநாளிலிருந்து கவர் கிடையாது.

கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கும் குளத்தில் அவரே இறங்கித் தாமரை இலை பறித்து வருவார். கறியை இலையில் மடித்து வாழைநாரில் கட்டித் தருவார். சொட்டு ரத்தம் ஒழுகாது.

ஆனால் அந்தக் குளத்தில்தானே நாம் எல்லாவற்றையும் கொட்டுகிறோம். கல்யாண மண்டபத்து டம்ளர், கோட்டை பார்க்க வருகிறவர்களின் பிரியாணி டப்பா, எங்கள் தெருக் குப்பை. தாமரை ஒரு மூலைக்கு ஒதுங்கியது. அப்புறம் அந்த மூலையும் போச்சு.

அடுத்து தேக்கு இலைக்கு மாறினார். தேக்கு இலை கசங்கினால் சிவப்பாகச் சாயம் விடும் என்பது அண்ணனுக்கும் தெரியவில்லை, என் வெள்ளைச் சட்டைக்கும் தெரியவில்லை. "கறி வாங்கினு வாங்கன்னா சாயப்பட்டறைக்குப் போய்ட்டு வந்தீங்களா?" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள் என் மனைவி. அக்கம்பக்கத்தில் பேச்சு வேறு... நான் யாரையோ வெட்டிவிட்டு வந்திருப்பதாக. என் ஒல்லி உடம்புக்கு அது ஒரு கௌரவம்தான்.

பிறகு யாரோ சொல்லி, மண்ணில் மக்கும் கவர் என்று ஒன்றை வரவழைத்தார். கடைச் சூட்டில், கூரைத் தகரத்துக்கு அடியில் கோடை முழுக்க அடுக்கிவைத்திருந்தார். அதில் கறி வாங்கிப்போன ஒருவருக்கு அவலூர்பேட்டை பஸ்ஸில் பாதி வழியிலேயே கவர் விட்டுப்போய், ஈரல் உருண்டு டிரைவர் சீட்டுக்கடியில் போய்விட்டது.

அவர் திரும்பி வந்து சத்தம் போட்டபோது அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லை. "மக்கும்னு போட்டிருந்துது. சொன்ன வாக்க காப்பாத்திகிச்சு. நான் இன்னா பண்றது?"

கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரம் எடுத்துவாருங்கள். அவ்வளவுதான். தூக்கு இல்லாத வீடு செஞ்சியில் உண்டா?

நானும் ஒருநாள் எடுத்துப்போனேன். வழியில் பார்த்த நண்பன், "இன்னா சார், பால் ஊத்தக் கெளம்பிட்டியா?" என்றான். அதோடு என் தூக்கு பரணுக்குப் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுக் கறிக்கடை வந்தது. அங்கே டபுள் கவர்.

கடைசியாக அண்ணனைப் பார்த்தபோது கடையில் ஆளே இல்லை. தொங்குகிற தொடையில் ஈ மொய்க்காமல் துண்டால் வீசிக்கொண்டிருந்தார். நான் இங்கே எழுதுவதால் என்னை ரைட்டர் என்றுதான் கிண்டலாகக் கூப்பிடுவார்.

"யோவ் ரைட்டரு, ஒன்னு கேக்கறன், யோசிச்சிச் சொல்லு. நான் கவரு குடுத்திருந்தா ஒருத்தன் ஒரு கவரோட போயிருப்பான். தரலன்னு கோச்சிக்கினு அங்க போறான். அவன் ரெண்டு கவரு போட்டுத் தரான். அப்ப என்னால ஊர்ல கவரு கொறஞ்சிதா, ஏறிச்சா?"

"கணக்குல நான் வீக்குண்ணா" என்றேன்.

எப்போதும் சிரிக்கிற மனிதர், சிரிக்கவில்லை.

"குடுத்தா ஆடு துன்னுது. குடுக்கலன்னா என் வூட்ல துன்ன முடியல. இன்னாதான்யா பண்றது? சும்மா சொல்லு... தப்பா இருந்தாலும் பரவால்ல, எதுனா ஒன்னு சொல்லு."

எத்தனையோ ஊர்வம்பு எழுதுகிற நான், "நாளைக்கு வரண்ணா" என்று வண்டியைக் கிளப்பிவிட்டேன். பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். கமெண்டில் தயவுசெய்து துணிப்பை என்று எழுதாதீர்கள். துணிப்பையில் கறி வாங்கிக்கொண்டு வெயிலில் நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இன்று மதியம் அண்ணனை எடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது குளத்தங்கரைக் குப்பையில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இறங்கிப்போய் விரட்டினேன், பைத்தியக்காரன் மாதிரி கத்தி. கொஞ்சம் தள்ளி நின்று என்னைப் பார்த்தன... நான் வண்டியில் ஏறியதும் மறுபடி குனிந்துகொண்டன.

படுங்க அண்ணா. நாளைக்குக் காலையில் யாரும் உங்களிடம் கவர் கேட்கமாட்டார்கள்.

கடையைப் போன தீபாவளிக்கு முன்பே மூடிவிட்டாராம். இன்று அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.