ரேடியோகிராமின் பின்பலகை

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பங்களாவுக்கு என் அப்பா காவலாளி. நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பங்களாச் சாவி பன்னிரண்டு வருடமாக அவரிடம் இருக்கிறது. சொந்தக்கார அம்மா சென்னையில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வருவார், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு ரேடியோகிராம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால், அந்த அம்மாவுடைய அப்பாவின் கல்யாணத்துக்கு வந்ததாம். இடுப்பு உயர மரப்பெட்டி. மேல்மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு சுழலும் மேடை, முன்பக்கம் ரேடியோ. இரண்டுக்கும் ஒரே ஒலிபெருக்கி. உப்புக்காற்று படாமல் இருக்க நைனா அதன்மேல் ஒரு பழைய போர்வையை மூடி, வாரம் தவறாமல் துடைத்து வைப்பார்.

பங்களாவைச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதாக முடிவெடுத்தபோது, ரேடியோகிராமை ஓடவிட்டுப் பார்க்க அந்த அம்மா வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. நைனாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். இசைத்தட்டு பாடியது. ரேடியோ பக்கம் திருப்பியதும் வெறும் கரகரப்பு. நிலையம் காட்டும் முள்ளும் நகரவில்லை.

அன்றே செங்கல்பட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் பெட்டியைச் சுற்றி வந்து, பின்பலகைத் திருகுகளை விரலால் தடவினார்.

"இத்த யாரோ அடிக்கடி தொறந்துகினு இருந்துகீறாங்க மேடம். திருகு தலையப் பாருங்க, எப்படித் தேஞ்சி கீது. வேற ஆளு கை வெச்ச செட்ட நான் தொட மாட்டேன். இந்தப் பல்பு மாதிரி வால்வுக்கெல்லாம் இப்போ செம கிராக்கி. உள்ள இன்னா கீதோ, இன்னா போச்சோ."

சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மா நைனாவைப் பார்த்தார்.

"சாவி உன்கிட்ட மட்டும்தானே இருக்கு?"

"ஆமாம்மா. நான்தான் தொடைச்சி வெக்கிறேன். ஒரு ஆணி கூட நான் எட்த்தது இல்ல."

அந்த அம்மா சத்தம் போடவில்லை. "அடுத்த ஞாயிறு வர்றேன். அப்ப சாவியைக் கொடுத்துடு, பேசிக்கலாம்" என்றார். திருடன் என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஆனால் நைனாவுக்கு அது கேட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, மறைமலைநகரில் கார்களுக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை செய்கிறேன். வாசலில் நின்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"மேடம், நான் தொறந்து பாக்குறேன்."

"நீ படிச்சது வேறம்மா. இது வால்வு செட். தவிர, நீ உங்கப்பாவுக்குத்தானே பரிஞ்சு பேசுவே?"

"மொதல் திருகு கழட்டுறதுலேந்து கடைசி வரைக்கும் வீடியோ எடுக்குறேன். நடுவுல நிறுத்த மாட்டேன், வெட்ட மாட்டேன். அப்படியே அனுப்புறேன். சரியா மேடம்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். கார் கிளம்பியது.

அன்று பிற்பகலே ஆரம்பித்தேன். என் அம்மாவும் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துப் பதிவைத் தொடங்கினேன். யோசித்தபோது எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது. இசைத்தட்டு பாடுகிறது என்றால் ஒலிபெருக்கியும் அதை இயக்கும் பகுதியும் நன்றாக இருக்கின்றன, கோளாறு நிலையத்தைப் பிடிக்கும் பகுதியில்தான். அதைக் கண்டுபிடித்து, வால்வு எல்லாம் இருப்பதைக் காட்டிவிட்டால் நைனாவின் பேர் மிஞ்சும்.

ஆறு திருகையும் கழற்றிப் பலகையை எடுத்தேன். ஒரு வால்வும் குறையவில்லை. ஒவ்வொரு கண்ணாடி வால்வின் நெற்றியிலும் காய்ந்த சந்தனம், அதன் நடுவே குங்குமம். மின்மாற்றிக்கு ஒரு பொட்டு. நிலையத்தைப் பிடிக்கும் தகடுகள்மேல் பெரிதாக ஒரு பொட்டு, அதன் கீழே இன்னொன்று, அதன் மேலே இன்னொன்று என்று வருடக்கணக்கில் அப்பியது.

அந்தத் தகடுகள் மெல்லிய அலுமினியம். குமிழைத் திருப்பும்போது ஒன்றையொன்று தொடாமல் நுழைந்து வெளியே வர வேண்டும். இடைவெளி முழுக்கச் சந்தனம் இறங்கிக் கல்லாகியிருந்தது.

நான் திரும்பி நைனாவைப் பார்த்தேன்.

"ஆயுத பூசைக்குத்தான்" என்றார். "மோட்டாருக்கு வெப்பேன், சைக்கிளுக்கு வெப்பேன், மீட்டர் பொட்டிக்கு வெப்பேன். இத்த வுட்டுட முடியுமா?"

"அப்போ தொறக்கவே இல்லன்னு சொன்ன?"

"தொறக்கலன்னு எங்க சொன்னேன்? ஒரு ஆணி எட்த்தது இல்லன்னேன். பொட்டு வெச்சிட்டு அப்படியே மூடிடுவேன். பூசை பண்றது கை வெக்கிறதா இன்னா?"

அம்மா என் தோளைப் பிடித்தாள். "அந்தப் போன அமுத்துடி மொதல்ல. தொடச்சிட்டு மறுபடியும் மொதல்லேந்து எடு. அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

என் கை போனுக்குப் போனது, அதை மறைக்க மாட்டேன். பதிவை நிறுத்தினால் நைனா மேல் எந்தப் பழியும் இருக்காது. நிறுத்தாவிட்டால் திருடவில்லை என்று நிரூபணமாகும், கெடுத்தது அவர்தான் என்றும் நிரூபணமாகும். பன்னிரண்டு வருட வேலை போய்விடலாம். இன்னொன்றும் என்னைக் குத்தியது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு வருடமும் பூசைக்கு முதல் நாள் சொல்வார்கள், பொட்டை இயந்திரத்தின் வெளிச்சட்டத்தில் மட்டும் வையுங்கள் என்று. படித்த பெண் என்று ஊரெல்லாம் நிமிர்ந்து நடந்த நான், அதை ஒருநாள்கூட வீட்டில் சொன்னதில்லை.

நான் முடிவெடுக்கும் முன்பே நைனா எழுந்து போன் எதிரே வந்து நின்றார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, இது நான் வெச்சதுதான். வருசா வருசம் வெச்சேன். கெட்டுப்பூடும்னு தெரியாது. பொண்ணு மேல தப்பு இல்ல." சற்று நிறுத்தி, "பொருள் எல்லாம் சரியா கீது, எண்ணிக்கோங்க" என்றார்.

பிறகு என்னிடம், "இன்னா பாத்துகினு கீற? வேலையப் பாரு" என்றார்.

தகடுகளைச் சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம் பிடித்தது. ஸ்பிரிட்டில் நனைத்த தூரிகையால் ஊறவைத்து, மெல்லிய காகிதத்தை ஒவ்வொரு இடுக்கிலும் நுழைத்து இழுத்தேன். நைனா டார்ச் பிடித்தார். வால்வுகளின் கண்ணாடியைத் துடைக்க வந்தபோது, "அதுவும் தொந்தரவா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் அது ஒன்றும் செய்யாது. விட்டுவிட்டேன்.

நேராகக் கரண்டில் செருகாமல், வழியில் ஒரு குண்டு பல்பைப் போட்டு இணைத்தேன். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். மங்கலாகத்தான் எரிந்தது. பல்பை எடுத்துவிட்டு முழுக் கரண்டு கொடுத்தேன். குமிழைத் திருப்பினேன், முள் நகர்ந்தது. கரகரப்பு, விசில், மறுபடி கரகரப்பு. திடீரென்று ஒரு பெண் குரல் தெளிவாக, கடல் சீற்றமாக இருக்கும், மீனவர்கள் கடலுக்குள் போக வேண்டாம் என்று சொன்னது. அம்மா ஜன்னல் வழியே கடலைப் பார்த்து, "ஆமா, அப்படித்தான் கீது" என்றாள்.

வீடியோவை அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. நைனா சாவிக் கொத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போனார். பொழுது சாயும்போது போன் ஒலித்தது.

"வாட்ச்மேன்கிட்ட கொடும்மா" என்றார் அந்த அம்மா. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"ஏம்பா, பெட்டிமேல ஒரு பொட்டு வெச்சா போதாதா?"

"பொட்டி வெறும் மரம்தானம்மா. வேல செய்யறது உள்ள கீறதுதானே."

அந்தப் பக்கம் சிரிப்பு, அடக்க முடியாத சிரிப்பு. "எங்கப்பா கூட உள்ளே இருக்கிறதுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை" என்றார். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு சொன்னபடி வந்தார். நாற்காலியை ரேடியோகிராமுக்குப் பின்னால் போடச் சொல்லி உட்கார்ந்தார். வால்வுகள் சூடேறியதும் லேசாகச் சந்தன வாசனை வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். போகும்போது நைனாவிடம், "வர்றவங்களுக்கு நீயே போட்டுக் காட்டு. வேற யாரையும் குமிழைத் தொட விடாதே" என்றார்.

இப்போது வார இறுதியில் வந்து தங்குபவர்களுக்கு முன்னால் நைனா மூடியைத் தூக்குகிறார், குமிழைத் திருப்புகிறார், வால்வு சூடாகும்வரை பொறுமையாக இருக்கச் சொல்கிறார். போன வாரம் பெங்களூர்க்காரர் ஒருவர், இவ்வளவு பழைய செட்டை யார் பராமரிக்கிறார்கள் என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் நைனா. "ரிப்பேருன்னா மட்டும் எங்க பாப்பாவக் கூப்புடுவேன். ஞாயித்துக்கெழம அதுக்குக் கம்பெனி லீவு."