மகன் பணம் எடுக்கும் ஊர்

பத்தாவது வரை படித்த நான் இன்னொருவரைப் பற்றி எழுதுவது அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அல்சூரில் எங்கள் வங்கியில் பாஸ்புக் அச்சிடும் இயந்திரம் பழுதாகியிருந்தது. சரியாகும் என்று காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. அடிக்கடி போனை எடுத்து, சட்டை நுனியால் திரையைத் துடைத்துப் பார்த்துவிட்டுப் பையில் வைப்பார்.

கவுண்டரில் அவர் முறை வந்தது.

"என் ஏடிஎம் கார்டு இந்த மாசத்தோட முடியுது மேடம். அதையே கொஞ்சம் நீட்டிக் குடுங்க."

"ஆகல்ல சார், நீட்ட முடியாது. புதுசு வீட்டுக்கு வரும். பழசு எங்க?"

"பையன்கிட்ட. வெளிநாட்டுல."

"அப்ப புதுசையும் அவருக்கு அனுப்பிடுங்க."

"அட்ரஸ் தெரியாதும்மா."

திரும்பி வந்தவர், நான் கேட்காமலே போனைக் காட்டினார். மகன் கோபித்துக்கொண்டு போனவன், பேசுவதில்லை. ஆனால் போகிற ஊர்களில் அப்பாவின் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பான். உடனே ஊர்ப் பெயரோடு இவருக்கு மெசேஜ் வரும். அதற்காகவே கணக்கில் பணம் போட்டு வைக்கிறாராம்.

"அப்பன்கிட்ட பேசத்தான் ரோஷம், காசுக்கு இல்ல. போன வாரம் துபாய்ல இருந்தான், பாருங்க" என்று சிரித்தார்.

"கார்டு வேலை செய்யலன்னா அவரே போன் பண்ணுவாருங்க" என்றேன், தயங்கித் தயங்கி.

"பண்ணுவானா மாட்டானான்னு தெரியாமலே இத்தன நாள் ஓட்டிட்டேன். இனிமே தெரிஞ்சிடும்."

மறுபடி திரையைத் துடைத்தார். அவருக்கு எது தேவலை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் இயந்திரம் சரியாகிவிட்டது. பாஸ்புக்கை அச்சிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.